நாற்காலி வந்து சேர்ந்த பிறகு

சக்கர நாற்காலி விளையாட்டுக்கென்று ஒரு தொண்டு அமைப்பைத் தொடங்க நினைப்பவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது: எத்தனை நாற்காலி வாங்க வேண்டும்? இத்தகைய அமைப்பொன்றில் கருவிகளையும் பயிற்சி நாள்களையும் பல ஆண்டுகளாகக் கவனித்துவரும் ஒருங்கிணைப்பாளர் என்ற முறையில் நான் திருப்பிக் கேட்பது வேறு. விளையாட வருகிறவர் வீட்டிலிருந்து அரங்குக்கு எதில் வருவார், வந்த இடத்தில் கழிப்பறைக்குள் அவரால் நுழைய முடியுமா, டியூப் வெடித்தால் யார் மாற்றுவார் என்பனவே என் கேள்விகள். நாற்காலி வாங்கித் தர நன்கொடையாளர் எப்படியும் கிடைத்துவிடுவார். இந்த மூன்றுக்கும் விடை வைத்திராத அமைப்பில், வழங்கும் விழா முடிந்து ஓராண்டு கழித்துப் போய்ப் பார்த்தால் நாற்காலிகள் கிடங்கில் இருக்கும், ஆட்கள் வீட்டில் இருப்பார்கள். எத்தனை நாற்காலி கொடுத்தோம் என்பதை விட்டுவிட்டு, சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இரண்டாம் ஆண்டும் விளையாடுகிறார்கள் என்று எண்ண வேண்டும் என்பது என் கட்சி.

நாற்காலியிலிருந்தே தொடங்குகிறேன். மருத்துவமனையில் நோயாளியைத் தள்ளிச் செல்லும் மடக்கு நாற்காலியில் கூடைப்பந்து ஆடவிடுவது ஆபத்து. பக்கவாட்டில் மோதினால் அதன் சட்டம் நெளியும், வேகமாகத் திருப்பினால் கவிழும். விளையாட்டு நாற்காலியின் சட்டம் மடங்காது. அதன் பெரிய சக்கரங்கள் இரண்டும் மேலே உட்சாய்ந்து, தரையில் அகன்று நிற்கும். கூடைப்பந்து நாற்காலிகளில் இந்தச் சாய்வு பெரும்பாலும் 15 முதல் 20 பாகை வரை இருக்கும். சட்டெனத் திரும்பினாலும் கவிழாமல் இருப்பதற்கும், இரண்டு நாற்காலிகள் உரசும்போது விரல்கள் நடுவில் சிக்காமல் இருப்பதற்கும் இந்தச் சாய்வே காரணம். மல்லாந்து விழாமல் தடுக்கப் பின்புறம் ஒரு சிறு சக்கரம் இருக்கும். பிறர் தள்ளுவதற்கான கைப்பிடி இருக்காது. புதிதாக வரும் தன்னார்வலர்கள் கைப்பிடியைத் தேடிவிட்டு, அது இல்லாததைக் கண்டதும் முதுகுச்சாய்மானத்தைப் பிடித்துத் தள்ளத் தொடங்குவார்கள். கேட்காமல் யாருடைய நாற்காலியையும் தொடக் கூடாது என்பது அவர்களுக்கு நாங்கள் சொல்லிக்கொடுக்கும் முதல் விதி.

அந்தச் சாய்வால் வரும் தொல்லையை விற்பவர் சொல்லமாட்டார். தரையில் அகன்று நிற்பதால் விளையாட்டு நாற்காலி சாதாரணக் கதவுநிலைக்குள் நுழையாது. நாற்காலிகளை வைக்க ஓர் அறையை இலவசமாகத் தருகிறோம் என்று யாராவது சொன்னால், நன்றி சொல்வதற்கு முன் அந்த அறையின் கதவை அளந்துவிடுங்கள். இரட்டைக் கதவு இல்லாத அறை என்றால், ஒவ்வொரு முறையும் சக்கரங்களைக் கழற்றி மாட்ட வேண்டியிருக்கும். அச்சின் நடுவிலுள்ள பொத்தானை அழுத்தினால் சக்கரம் கையோடு வந்துவிடும் என்பதால் கழற்றுவது எளிது. மாட்டும்போதுதான் கவனம் தேவை: பொத்தான் முழுவதுமாக வெளியே வந்துவிட்டதா என்று பார்த்த பின்பும், சக்கரத்தை ஒருமுறை வெளிப்பக்கம் இழுத்துப் பார்க்க வேண்டும். அரைகுறையாக மாட்டிய சக்கரம் ஆட்டத்தின் நடுவில் முதல் மோதலிலேயே கழன்றுவிடும்.

அளவு இதைவிட முக்கியம். இருக்கை இடுப்போடு ஒட்டியிருக்க வேண்டும், தொடையின் நீளத்துக்கு ஏற்ப இருக்கையின் ஆழம் அமைய வேண்டும், பாதங்கள் பலகையில் முழுமையாகப் பதிய வேண்டும். அகலமான இருக்கையில் உட்கார்ந்து விளையாடுவது பெரிய செருப்பைப் போட்டுக்கொண்டு ஓடுவது போன்றது. உடல் திரும்பிய பிறகே நாற்காலி திரும்பும். பல பேர் பகிர்ந்துகொள்ளும் நாற்காலிகள் என்றால் அளவை மாற்றக்கூடிய வகையை வாங்கி, இடைவெளியை அடைக்க நுரைப் பட்டைகளையும், இடுப்புக்கும் தொடைக்கும் பாதத்துக்கும் வார்ப்பட்டைகளையும் சேர்த்தே வாங்குங்கள். உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட கைச் சக்கர நாற்காலி வழிகாட்டுதல்கள், வழங்கல் என்பதை 8 படிகளாகப் பிரிக்கின்றன. பொருத்திப் பார்ப்பதும், பயன்படுத்துபவருக்குப் பயிற்சி தருவதும், பின்தொடர்ந்து பராமரிப்பதும் அவற்றின் கடைசிப் படிகள். கொடையாளர்கள் பலர் நின்றுவிடுவது அவற்றுக்கு முந்தைய படியில்தான்.

பராமரிப்பு என்றால் பெரிய பட்டறை தேவையில்லை. சைக்கிள் பழுதுபார்ப்பவருக்குத் தெரிந்த வேலைதான் முக்கால்வாசி. ஆலன் கீ தொகுப்பு, ஸ்போக் திருகும் சாவி, அழுத்தமானியோடு கூடிய பம்ப், முன்சக்கர பேரிங்குகள், டியூப்கள் ஆகியவை ஒரு பெட்டியில் இருந்தால் போதும். முன்சக்கரம் தடுமாறுகிறது என்றால் பேரிங்கை மாற்றும் முன் அச்சைப் பாருங்கள். தரையிலுள்ள தலைமுடியும் நூலும் அதில் இறுகச் சுற்றிக்கொண்டு கறுப்பு வளையமாக இருக்கும், கத்தி முனையால் அறுத்து எடுத்ததும் பாதித் தடுமாற்றம் போய்விடும். டயர் வாங்கும்போது அங்குலக் கணக்கை நம்பாதீர்கள். சக்கர நாற்காலியின் 24 அங்குலச் சக்கரத்துக்கு ரிம் விட்டம் 540 மில்லிமீட்டர். 24 அங்குல மலைச் சைக்கிளுக்கோ 507. இரண்டும் ஒன்றுக்கொன்று சேராது. ஆனால் சக்கர நாற்காலியின் 25 அங்குலம் என்பது 559 மில்லிமீட்டர், அதாவது 26 அங்குல மலைச் சைக்கிளின் ரிம் அளவு. டயரின் பக்கச் சுவரில் அச்சிட்டிருக்கும் அந்த மூன்றிலக்க எண்ணைக் கேட்டு வாங்குவதே வழி. ஒவ்வொரு பயிற்சிக்கு முன்பும் காற்றழுத்தத்தைப் பார்ப்பது எங்கள் பழக்கம். காற்றுக் குறைந்த டயரைத் தள்ளும் சுமை முழுவதும் தோள்மூட்டுக்குத்தான் போகிறது. அந்தத் தோளை வைத்தே அவர் படுக்கையிலிருந்து எழ வேண்டும், நாற்காலிக்கு மாற வேண்டும், வீட்டுக்குள் நகர வேண்டும். விளையாட்டால் தோள் கெட்டால் போவது விளையாட்டு மட்டுமன்று.

விளையாட்டு நாற்காலி வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். மேசைப்பந்தை அன்றாட நாற்காலியிலேயே ஆடலாம். இலக்குப் பந்துக்கு மிக அருகில் தன் பந்துகளைக் கொண்டுசேர்க்கும் ஆட்டமான போச்சியாவுக்கும் தனி நாற்காலி தேவையில்லை. சிவப்புப் பந்துகள் 6, நீலப் பந்துகள் 6, வெள்ளை இலக்குப் பந்து ஒன்று, அவ்வளவுதான் கருவி. பெருமூளை வாதத்தால் கையால் பந்தை எறியவே முடியாதவர் சரிவுப் பலகை ஒன்றின் வழியே பந்தை உருட்டி விளையாடலாம். பலகையை நகர்த்தும் உதவியாளர் ஆட்டக்களத்துக்கு முதுகைக் காட்டியபடி உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது விதி. எவ்வளவு இடப்பக்கம், எவ்வளவு உயரம் என்பதை விளையாடுபவர்தான் சொல்ல வேண்டும், உதவியாளர் எட்டிப் பார்க்கக் கூடாது. பெற்றோரை உதவியாளராக உட்கார வைக்கும்போது இந்த விதியின் அருமை தெரியும். பிள்ளைக்காக எல்லாவற்றையும் தானே தீர்மானித்துப் பழகிய தாய், அந்த ஆட்டம் முடியும்வரை பிள்ளையின் சொல்லுக்காகக் காத்திருப்பார்.

டென்னிசுக்கு ஒரே ஒரு விளையாட்டு நாற்காலி இருந்தால் போதும். சக்கர நாற்காலியில் ஆடுபவருக்குப் பந்து இருமுறை தரையில் எழும்ப அனுமதி உண்டு. மற்றபடி ஆடுகளமும் வலையும் மட்டையும் பந்தும் அதே. எதிரில் நடந்து ஆடுபவர் ஒருவர் நின்றாலும் ஆட்டம் நடக்கும். கூடைப்பந்துக்கு ஒரு பக்கம் 5 பேர் வேண்டும். புதிய அமைப்புக்கு இரண்டு அணிக்கு ஆள் சேராது. அப்போது உடன் வரும் தம்பி, தங்கை, நண்பர், தன்னார்வலர் எல்லோரையும் நாற்காலியில் உட்கார்த்தி ஆடவிடுங்கள். நடக்க முடிந்தவர் இந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் களத்தில் மிகவும் தடுமாறுபவர் அவராகத்தான் இருப்பார் என்பது ஒரு பக்கம் இருக்க, பயிற்சிக்கு உடன் வந்து சும்மா உட்கார்ந்திருந்தவர் அடுத்த வாரமும் விருப்பத்தோடு அழைத்துவருவார். கழுத்துப் பகுதித் தண்டுவடக் காயத்தால் கை விரல்களும் வலுவிழந்தவர்களுக்குக் கூடைப்பந்து ஒத்துவராது. அத்தகையவர்கள் தங்களுக்கென்று 1970களில் கனடாவின் வின்னிபெக் நகரில் உருவாக்கிய விளையாட்டுதான் சக்கர நாற்காலி ரக்பி. மின்நாற்காலியில் இருப்பவர்களுக்குப் பக்கத்துக்கு 4 பேர் ஆடும் கால்பந்து இருக்கிறது.

உடல்நிலை பற்றிய பகுதியை யாரும் அவசரமாகக் கடந்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தண்டுவடக் காயப் பிரிவைத் தொடங்கிய மருத்துவர் லூட்விக் குட்மன் முதலில் போராடியது, நெடுநேரம் ஒரே நிலையில் இருப்பதால் வரும் அழுத்தப் புண்ணோடும் சிறுநீர்த் தொற்றோடும்தான். அந்நாளில் தண்டுவடம் காயப்பட்டவர்கள் பலர் அந்த இரண்டாலேயே இறந்துகொண்டிருந்தார்கள். நோயாளிகளை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்கும் ஒழுங்கை நிலைநிறுத்திய பிறகே விளையாட்டு வந்தது. 1948 ஜூலை 29 அன்று, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், 16 பேரை வைத்து அவர் நடத்திய வில்வித்தைப் போட்டியிலிருந்து பாராலிம்பிக் வளர்ந்த கதை பலருக்கும் தெரியும். அந்த முந்தைய நான்கு ஆண்டுகளைத்தான் தொண்டு அமைப்புகள் மறந்துவிடுகின்றன.

தண்டுவடக் காயத்தால் உணர்ச்சி இழந்தவரின் உடல் எச்சரிக்கை தராது. வெயிலில் நின்ற வண்டியிலிருந்து இறக்கிய நாற்காலியின் உலோகச் சட்டம் தொடையைச் சுட்டாலும் அவருக்குத் தெரியாது. உட்காரும் முன் நம் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். பாதம் பலகையிலிருந்து நழுவித் தரையில் உரசி இரத்தம் வருவதைப் பக்கத்தில் ஆடுபவர்தான் முதலில் பார்ப்பார், அதனால் பயிற்சியில் காலணியும் பாதப் பட்டையும் கட்டாயம். உட்கார்ந்த இடத்தில் புண் வராமல் இருக்க, இடைவேளைதோறும் கைகளை ஊன்றி உடலைத் தூக்கியோ முன்னோக்கிச் சாய்ந்தோ அழுத்தத்தை விடுவிக்கச் சொல்லுங்கள். பயிற்சி முடிந்து வீட்டுக்குப் போனதும் கண்ணாடி வைத்துத் தோலைப் பார்க்க வேண்டும். அழுத்தினாலும் வெளுக்காத சிவப்பு இருந்தால், அது மறையும்வரை அவருக்கு விளையாட்டு இல்லை. எவ்வளவு நல்ல ஆட்டக்காரராக இருந்தாலும் இதில் விட்டுக்கொடுக்க மாட்டோம், ஏனெனில் முற்றிய புண் ஒன்று மாதக்கணக்கில் படுக்கவைத்துவிடும்.

கழுத்துப் பகுதியில் காயம் பட்டவர்களுக்குக் காயத்துக்குக் கீழே வியர்க்காது; உடற்சூடு விரைவில் ஏறும். தண்ணீர் தெளிக்கும் குப்பியும் ஈரத் துண்டும் களத்தோரம் இருக்க வேண்டும். மார்புப் பகுதியின் 6ஆம் தண்டுவடக் கூறிலோ அதற்கு மேலோ காயமுள்ளவர்களுக்கு இன்னொரு அபாயமும் உண்டு. அதன் பெயர் அட்டோனோமிக் டிஸ்ரிஃப்லெக்சியா. திடீரெனத் தலை இடிக்கும், முகம் சிவக்கும், நெற்றி வியர்க்கும், இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறும். பெரும்பாலும் காரணம் நிறைந்த சிறுநீர்ப்பை, அல்லது சிறுநீரை வெளியேற்றப் பொருத்திய கேதீட்டர் குழாய் மடங்கிக்கொண்டிருப்பது. அவரைப் படுக்கவைக்கக் கூடாது. நிமிர்த்தி உட்காரவைத்து, இறுகிய பட்டைகளையும் உடையையும் தளர்த்தி, குழாய் மடங்கியிருக்கிறதா என்று பார்த்துச் சிறுநீரை வெளியேற்ற வழிசெய்ய வேண்டும். உடனே தணியாவிட்டால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். இதை வேண்டுமென்றே வரவழைத்து வேகத்தைக் கூட்டிக்கொள்ளும் பழக்கமும் போட்டி உலகில் இருந்திருக்கிறது. சர்வதேச பாராலிம்பிக் குழு அதைத் தடை செய்திருக்கிறது. பயிற்சியாளர், தன்னார்வலர், வாகன ஓட்டுநர் மூவருக்கும் இந்த அறிகுறிகள் மனப்பாடமாக இருக்க வேண்டும் என்று நாங்கள் வைத்திருக்கிறோம். ஓட்டுநர் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: திரும்பும் வழியில் வண்டிக்குள் உதவிக்கு அவர் ஒருவர்தான் இருப்பார்.

இதிலிருந்துதான் கழிப்பறையின் முக்கியத்துவம் விளங்கும். அரங்கில் நுழையக்கூடிய கழிப்பறை இல்லையென்றால் வருகிறவர்கள் அதை வெளியே சொல்ல மாட்டார்கள். முந்தைய இரவிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார்கள். பிறகு சிறுநீர்த் தொற்று வரும், காய்ச்சல் வரும், வருவதை நிறுத்திவிடுவார்கள், நாமோ ஆர்வம் குறைந்துவிட்டது என்று எழுதிக்கொள்வோம். அரங்கைத் தேர்ந்தெடுக்கப் போகும்போது சக்கர நாற்காலியில் இருக்கும் ஒருவரை அழைத்துப்போங்கள். அவர் கழிப்பறைக்குள் சென்று, கதவைச் சாத்தி, மாறி உட்கார்ந்து, வெளியே வரட்டும். சாய்தளமும் சரிவும் எல்லோரும் பார்ப்பவை; உள்ளே போன பிறகு கதவைச் சாத்த முடிகிறதா என்பதை அவரே பார்ப்பார். தரைக்குக் கீறல் விழும் என்று அரங்கத்தார் மறுத்தால், தடம் பதிக்காத டயர்களையும் பாதப் பலகைக்கு அடியிலுள்ள காப்பு உருளைகளையும் நேரில் காட்டுங்கள். ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 30ஆம் பிரிவு விளையாட்டில் பங்கேற்பதையும் உள்ளடக்கியது. கடிதத்தில் அதைக் குறிப்பிடலாம், ஆனால் என் அனுபவத்தில் டயரைத் தேய்த்துக் காட்டுவது கடிதத்தைவிட விரைவாக வேலை செய்கிறது.

பயிற்சி நேரத்தையும் நடக்க முடிந்தவர்கள் தீர்மானிக்கக் கூடாது. தண்டுவடக் காயமுள்ள பலருக்குக் காலைக் கடன்களுக்கே நெடுநேரம் ஆகும். அதிகாலைப் பயிற்சி என்று அறிவிக்கும் அமைப்பு, சொல்லாமலேயே அவர்களை வேண்டாமென்று அனுப்பிவிடுகிறது. எங்கள் நிர்வாகக் குழுவில் நாற்காலியில் இருப்பவர்கள் பெரும்பான்மையானபோது முதலில் மாறியது இந்த நேர அட்டவணைதான். பெண்களுக்கு உடைமாற்றும் அறையும் வண்டியில் உடன் வர இன்னொரு பெண்ணும் ஏற்பாடு செய்யும்வரை, பட்டியலில் அவர்கள் பெயர் மட்டுமே இருக்கும்.

யாரைச் சேர்ப்பது என்பதில் கூடைப்பந்தின் புள்ளி முறை எனக்கு நிறையக் கற்றுக்கொடுத்தது. உடல் இயக்கத்தின் அளவைப் பொறுத்து ஒவ்வொருவருக்கும் 1.0 முதல் 4.5 வரை புள்ளி தரப்படுகிறது. உடற்பகுதியைத் தன் கட்டுப்பாட்டில் நிமிர்த்த இயலாதவர் 1.0, மிகக் குறைந்த பாதிப்புள்ளவர் 4.5. களத்திலுள்ள 5 பேரின் கூட்டுத்தொகை சர்வதேச ஆட்டங்களில் 14ஐத் தாண்டக் கூடாது. 4.5 புள்ளிக்காரர்கள் மூவரை இறக்கினால் அதிலேயே 13.5 போய்விடும், மீதி இருவருக்கு இடமே இல்லை. ஆக, மிகுந்த பாதிப்புள்ளவர் இல்லாமல் அணியே அமையாது. அவர் செய்யும் வேலையும் சும்மா எண்ணிக்கைக்கானதன்று: சக்கர நாற்காலியால் பக்கவாட்டில் அடி எடுத்து வைக்க முடியாது என்பதால், சரியான கோணத்தில் குறுக்கே வந்து நிற்கும் ஒரு 1.0 புள்ளிக்காரர், எதிரணியின் மிக உயரமான வீரரை வளையத்துக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார். பதக்கம் சீக்கிரம் வர வேண்டும் என்று கால் வலுவுள்ளவர்களை மட்டும் தேடிச் சேர்க்கும் அமைப்புகளோடு எனக்கு உடன்பாடு இல்லை. நன்றாகப் பொருந்தும் நாற்காலி ஒன்றுதான் இருக்கிறது என்றால் அதை 1.0 புள்ளிக்காரருக்கே கொடுப்போம். உடலைத் தாங்கும் வேலையை அவருக்கு நாற்காலிதான் செய்கிறது.

குடும்பத்தாரின் அச்சத்தை வாதம் செய்து தீர்க்க முடியாது. மகனை அழைத்துவந்த ஒரு தாய் என்னிடம், "விழுந்தா யாரும்மா தூக்குவாங்க?" என்று கேட்டார். நான் பதில் சொல்லும் முன், பக்கத்தில் பட்டையை இறுக்கிக்கொண்டிருந்த பெண் ஆட்டக்காரர், "நாங்களே எழுந்துக்குவோம் அம்மா, பாருங்க" என்று நாற்காலியோடு பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தார். ஒரு கையைத் தரையில் ஊன்றி, மறு கையால் மேலிருந்த சக்கரத்தைப் பிடித்து உந்தி, ஓரிரு தள்ளலில் நிமிர்ந்தார். மகனின் முதல் பாடமும் அதுவாகவே இருந்தது: பின்னால் சாயும்போது தாடையை மார்போடு ஒட்டிக்கொள்ள வேண்டும், கைகளைப் பின்னால் ஊன்றக் கூடாது. விழவும் எழவும் பழகிய பிறகே பந்தைக் கையில் கொடுக்கிறோம்.

பணத்தைப் பற்றி. நாற்காலிக்கென்று வந்த நன்கொடையை வண்டி வாடகைக்குச் செலவிட முடியாது, செலவிடவும் கூடாது. அதனால் நாங்கள் நாற்காலிக்கு என்று நன்கொடை கேட்பதையே நிறுத்திவிட்டு, ஒருவர் ஓராண்டு விளையாட ஆகும் செலவு என்று கேட்கத் தொடங்கினோம். நாற்காலியில் அவருக்கான பங்கு, பயணம், அரங்க வாடகை, பயிற்சியாளர் ஊதியம், டயர், டியூப், கையுறை எல்லாம் அந்த ஒரே தொகைக்குள் வந்துவிடும். நாற்காலியே தருவேன் என்று பிடிவாதமாக இருப்பவரிடம், மூன்றாண்டுப் பராமரிப்பையும் சேர்த்துத் தருமாறு எழுத்தில் கேட்கிறோம். சிலர் விலகிப் போகிறார்கள், போகட்டும். நாற்காலியை மேடையில் வைத்து, பெறுபவர் கைகூப்பியபடி இருக்கும் படத்தை எடுக்க நாங்கள் ஒத்துக்கொள்வதில்லை. ஆட்டத்தின்போது எடுத்த படத்தை, அதில் இருப்பவர் சம்மதித்தால், தருகிறோம்.

கடைசியாக, வருகைப் பதிவேடு. தொடர்ந்து இருமுறை வராதவரைத் தொலைபேசியில் அழைப்பது யார் என்பதைப் பெயர் குறித்து முடிவு செய்துவிடுங்கள். ஏன் வரவில்லை என்று அதட்டலாகக் கேட்காமல், என்ன தடை என்று கேட்டால் உண்மை வரும்: அழைத்துவரும் அண்ணனுக்கு வேலை நேரம் மாறியிருக்கும், தோல் சிவந்திருக்கும், மாதவிலக்காக இருக்கும். நாங்கள் எதிர்பாராத அளவுக்கு அடிக்கடி வந்த பதில், வீட்டிலிருக்கும் அன்றாட நாற்காலி பழுது என்பது. விளையாட்டு நாற்காலி அரங்கில் பளபளப்பாகக் காத்திருக்கும். அதுவரை வந்து சேருவதற்கான நாற்காலிக்கு முன்சக்கரம் உடைந்திருக்கும். அதனால் பழுதுபார்க்கும் மேசையைப் பயிற்சிக்கு அரை மணி நேரம் முன்பே திறந்து, அன்றாட நாற்காலிகளையும், வர முடியாதவர் கொடுத்தனுப்பும் நாற்காலிகளையும் அங்கே சரிசெய்து தருகிறோம். அந்த மேசையைப் பார்த்துக்கொள்பவரும் சக்கர நாற்காலியில் இருப்பவர்தான். அவருக்கு ஊதியம் உண்டு.